நான் சொன்ன பெயர்

லா சப்பல் சந்தியில் மெட்ரோ தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. கடைத்தெருவுக்கு வருகிற எங்கள் சனத்துக்கு மெட்ரோ என்றால் அதுதான். நான் வேலை செய்கிற நிலையம் அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மேலிருந்து பிளாட்போமுக்கு இறங்க எழுபத்தொரு படி. கழுவுகிறவனுக்குப் படிக்கணக்கு மறக்காது.

அங்கே மாரி, கோடை தெரியாது. எப்போதும் ஒரே வெக்கை, ஒரே வெளிச்சம். ரெயின் வருவதற்கு முன்பு சுரங்கத்துக்குள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும். அதில் பிரேக் எரிந்த மணமும் பழைய மூத்திர மணமும் கலந்திருக்கும். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை இரண்டு பேர் வேலை. ஒருவர் குப்பைப் பைகளை மாற்றிப் படிகளைக் கழுவுவார், மற்றவர் மெசினைத் தள்ளிக்கொண்டு பிளாட்போம் நிலத்தைத் தேய்ப்பார். காலை நெரிசல் அடங்கியபின் இரண்டு பேருமாகக் குந்தியிருந்து, நிலத்தில் ஒட்டிய சுயிங்கத்தைத் தகட்டால் சுரண்டி எடுப்போம்.

நான் கூச்சக்காரன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன், விடை தெரிந்தாலும் ஒரு நாளும் கை உயர்த்தியதில்லை. பிரான்சுக்கு வந்து இவ்வளவு காலமாகியும், கவுண்டரில் நின்று கதைக்க வேண்டுமென்றால் முதல் நாளே வசனத்தை மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். நிலத்தடி வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிலம் கழுவுகிறவனோடு யாரும் கதைப்பதில்லை.

என்னோடு வேலை செய்தவர் மன்னார்க்காரர். ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். வேலையை மேற்பார்க்கும் எங்கள் செஃப் உட்பட மற்ற எல்லோரும் அவரைக் கூப்பிட்டது இன்னொருவரின் பெயரால். அண்ணையின் அகதிக் கோரிக்கை இரண்டு தரமும் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் லா கூர்னெவில் இருக்கும் ஒரு தெரிந்தவரின் விசாவில், அதாவது அவருடைய வதிவிடக் கார்டைக் காட்டி, வேலை செய்தார். எங்கள் ஆட்களுக்குள் இது புதினமில்லை. விசாக்காரர் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்வார், அவருடைய பெயர் இன்னொரு பக்கத்தில் நிலம் கழுவும்.

கார்டில் இருந்த படத்தில் விசாக்காரருக்கு மீசை இருந்தது. அதனால் அண்ணையும் மீசை வளர்த்தார், நரைக்க நரைக்க மை பூசினார்.

"மனுசிக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது உந்த மீசை," என்பார். "அதிலும் பகிடி என்னெண்டால், அவன் மழிச்சுப் போட்டான் தம்பி. இப்ப அவனை விட நான்தான் அவன் மாதிரி இருக்கிறன்."

கார்டில் உள்ள பிறந்த திகதியை என்னையும் பாடமாக்க வைத்தார். சுரண்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்பார்.

"நான் பிறந்தது எப்ப?"

நான் சொல்வேன்.

"எந்த ஊர்?"

"பருத்தித்துறை."

"ஓம். பாத்தியே, நான் பருத்தித்துறைக் கடலைக் கண்ணாலையும் காணேல்லை. ஆர் கேட்டாலும் இதுதான். பொலிஸ் கேட்டாலும் இதுதான், கர்த்தர் வந்து கேட்டாலும் இதுதான்."

அந்தத் திகதியில் ஒரு வருசம் செஃப் கேக் வாங்கி வந்து, துடைப்பங்கள் வைக்கும் அறையில் மெழுகுதிரி கொளுத்தினார். அண்ணை கூச்சமில்லாமல் ஊதி அணைத்தார். உண்மையான பிறந்தநாளுக்குத் தன் மனைவி மாட்டிறைச்சிக் கறி வைப்பாள் என்று பிறகு எனக்குச் சொன்னார். அந்த அக்காவை நான் கண்டதில்லை. இருவரும் கூசேன்விலில் ஓர் அறையில் இருந்தார்கள். அவவுக்கும் விசா இல்லை. "ஏதும் அவசரமெண்டால்" என்று அவவின் தொலைபேசி எண்ணை எனக்குத் தந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும், பிளாட்போமின் நடுவில் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். அவர் தகட்டை நிலத்தில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். "வாய்வு போலை," என்றார். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். முகம் சாம்பல் நிறமாகி, வியர்வை ஓடியது. என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அவசர எண்ணுக்கு அடித்து நிலையத்தின் பெயரை மட்டும் மூன்று தரம் சொன்னேன். ஒரு ரெயின் வந்து நின்றது. இறங்கிய சனம் எங்களைச் சுற்றிப் போனது. ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கோட்டைக் கழற்றி அவருடைய தலைக்குக் கீழே வைத்தாள். அடுத்த ரெயினும் வந்து போனது.

முதலுதவிக்கும் வருகிற தீயணைப்புக்காரரான பொம்பியேக்கள் நான்கு பேர் அந்தப் படிகளால் ஓடி இறங்கினார்கள். ஒருவன் அவருடைய சட்டையை வெட்டினான். இன்னொருவன் என்னைப் பார்த்துப் பெயர் கேட்டான்.

அண்ணைக்கு அப்போது வாய் எழவில்லை. கண் என்னைப் பார்த்தது. என்ன சொல்லச் சொல்லிப் பார்த்தார் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் யோசிக்கவில்லை நான். பாடமாக்கியதைச் சொன்னேன். பெயர், திகதி, ஊர். துடைப்ப அறைக்கு ஓடிப்போய் அவருடைய ஜக்கெற்றிலிருந்து கார்டையும் எடுத்து வந்து கொடுத்தேன். அந்த இளம் பொம்பியே குனிந்து, அவருடைய காதுக்குள் விசாக்காரரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். "கேட்கிறதா? என் கையை அமத்துங்கள்."

அவர் அமத்தினார்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு உள்ளங்கையில் எழுதினேன். கூடப் போக விடவில்லை. நான் அக்காவுக்கு அடித்தேன். பிறகு விசாக்காரருக்கு அடித்தேன். பிறகு மெசினைத் தள்ளி, ஒரு மணி வரைக்கும் வேலையை முடித்தேன். அப்படித்தான் செய்தேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியின் கீழ்மண்டபத்தில் லிஃப்டுக்கு எதிரே, இதயப் பிரிவு நாலாம் மாடி என்ற பலகைக்குக் கீழே, உட்கார நீல நிற வாங்குகள் இருந்தன. அங்கே ஒரு பெண் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தனியாக இருந்தா. பார்த்தவுடன் தெரிந்தது, அதுதான் அக்கா.

"மேலை போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அந்தத் தம்பி, தான் வருமட்டும் இருக்கச் சொன்னவர்."

அந்தத் தம்பி என்றது விசாக்காரரை. அவர் வேலை உடுப்போடேயே வந்து சேர்ந்தார். சுத்தமாக மழித்த முகம். எங்களுக்கு நடுவில் இருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தார்.

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ. நான் மேலை போய் நிண்டால், படுத்திருக்கிறவன் ஆரெண்டு கேப்பினம். அக்கா போனால் பேப்பர் கேப்பினம். பெஞ்சாதி எண்டு சொன்னால், பதிவிலை இருக்கிறது என்ர மனுசியின்ர பேர். பொலிஸ் வந்தால் மூண்டு பேருக்கும் முடிஞ்சுது கதை."

"ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வாறனே," என்றா அக்கா.

"எட்டிப் பாக்கிறதுக்கு அது என்ன கொட்டில் வேலியே? இஞ்சை நெஞ்சு வருத்தத்துக்கு ரெண்டு நாளிலை சுகப்படுத்தி அனுப்பிப் போடுவாங்கள். என்ர மச்சானுக்கும் வந்தது. இப்ப பந்து விளையாடுறான். பொறுங்கோ."

"அப்ப சாமியாரையெண்டாலும் கூட்டிக்கொண்டு வரட்டோ? அவர் கடைசி எண்ணெய் பூசுதல் எடுக்காமல்…"

"சாமியார் வந்து என்ர பேருக்கு என்னண்டு பூசுறது அக்கா? நான் சைவம்."

அவ அதற்குச் சிரித்தா. அந்த நேரத்திலும் சிரித்தா. பிறகு செபமாலையால் வாயைப் பொத்தினா. விசாக்காரர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் பயந்து போயிருந்தார். நாங்கள் எல்லோரும் பல வருசமாகப் பயந்து பழகியவர்கள். ஆபத்து வந்தால் அசையாமல் இருக்கத்தான் எங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. அவருடைய மனைவி. வாங்கை விட்டு எழும்பாமலே கதைத்தார்.

"என்ன? ஆர், ஆஸ்பத்திரியிலை இருந்தோ? … நீ என்ன சொன்னனீ? … நான் வீட்டிலை எண்டோ? … ஓம், ஓம். வச்சிட்டியோ? நல்லது. இனி அடிச்சால் எடுக்காதை."

"என்னவாம்?" என்று அக்கா கேட்டா.

"ஒண்டுமில்லை. சும்மா விபரம் கேட்டவையாம்."

எங்களுக்கு மேலே, நாலாம் மாடியில், ஆஸ்பத்திரிக்காரர் அண்ணையின் மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லா கூர்னெவில் ஒரு பெண் தன் கணவன் வீட்டில் நல்ல சுகமாக இருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தேடப்பட்ட பெண் கீழே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தா. இது எனக்கு அப்போதே விளங்கியது.

நாலு மணியளவில் விசாக்காரர் என்னைப் பார்த்தார். "உனக்குச் சொந்த விசா இருக்கு. நீ போய், கூட வேலை செய்யிற ஆள் எண்டு சொல்லி, எப்பிடி இருக்கிறானெண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா. வேறை ஒண்டும் வாயைத் திறந்து போடாதை."

அவர் சொன்னது சரி. அந்த வாங்கில் இருந்த மூன்று பேரில் பயப்படக் காரணம் குறைந்தவன் நான்தான். நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அந்த நேரத்துக்குள் ஒரு வசனத்தைப் பிரெஞ்சில் செய்தேன்: அவருடைய மனைவி அந்த வாங்கில் இருக்கிறா. சின்ன வசனம்தான். பிழையில்லாமல் செய்தேன், நாக்குக்குள் பல தரம் சொல்லிப் பார்த்தேன். என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் குடும்பமா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன்.

"அந்தப் பிரிவுக்குக் குடும்பம் மட்டும்தான்." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அவருக்குக் குடும்பம் இருக்கிறதா, உங்களுக்குத் தெரியுமா?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. விசாக்காரர் வாங்கிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்தா. நான் தோளை உயர்த்தினேன். தெரியாது என்பதற்கு இந்த ஊர்க்காரர் செய்வது போல. அதை எப்போது பழகினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்து, "குடும்பம் மட்டும்தானாம். பயப்பிட ஒண்டுமில்லைப் போலை," என்றேன். கடைசி வசனத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

ஏழு மணிக்கு, பார்வையிடும் நேரம் முடிந்ததென்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேரும் பார்வையிட வந்தவர்களோடு சேர்ந்து எழும்பி வெளியே போனோம்.

அடுத்த நாள் காலை நான் தனியாக வேலை தொடங்கினேன். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கோட் துடைப்ப அறையில் ஆணியில் தொங்கியது, யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். பிளாட்போமில் அவர் விழுந்த இடத்தில், பாதி சுரண்டிய சுயிங்கம் அப்படியே கிடந்தது. நான் அதைத் தவிர்த்து மெசினைச் சுற்றிக்கொண்டு போனேன். எட்டு மணிக்குச் செஃப் இறங்கி வந்தார். வழமையாகக் கத்துகிற மனிதர், அன்று மெதுவாகக் கதைத்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கம்பனிக் கந்தோருக்குப் போன் அடித்தார்களாம். ஆள் நல்லாக இல்லை. குடும்பத்தைக் கேட்கிறார்கள். வீட்டு எண்ணுக்கு அடித்தால் அவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலக் கதைக்கிறார்களாம். உன் நண்பனுக்கு ஒருத்தருமே இல்லையா?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு ரெயின் வந்தது. கதவுகள் திறந்து மூடின. ரெயின் போனபின் சொன்னேன்.

"இருக்கிறா."

மெசினை நடுப் பிளாட்போமில் விட்டுவிட்டுப் படிகளில் ஏறினேன். அரைவாசியில் நின்று விசாக்காரருக்கு அடித்தேன். "பொறு, அவசரப்படாதை, பின்னேரம் கதைப்பம்," என்றார். நான் வைத்துவிட்டேன். தெருவுக்கு வந்து அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ."

"அந்தத் தம்பி…"

"அவரை விடுங்கோ. நான் போறன். நீங்கள் நேரே நாலாம் மாடிக்கு வாங்கோ."

நாலாம் மாடியில் ஒரு தாதி மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். எனக்கு வேலை உடுப்பு, பூட்ஸ், அதில் நிலத்தடியின் கறுப்பு. அடுக்கி வைத்த வசனம் ஒன்றும் இல்லை. "நான் நேற்றுச் சொன்ன பெயர் பொய். அது அவருடைய பெயர் இல்லை. அவருடைய மனைவி வந்துகொண்டிருக்கிறா. அவவுக்கு விசா இல்லை," என்றேன். முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று நினைக்கிறேன். இலக்கணம் சரியாக இருந்திருக்காது.

அவள் பேனையை வைக்கவில்லை. "சரியான பெயர் என்ன? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்," என்றாள். சொன்னேன். எழுதினாள். "மனைவியின் பெயர்?" எழுதினாள். "விசாவைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. இது ஆஸ்பத்திரி," என்றாள்.

அவ்வளவுதான். பொலிசுக்குச் சொல்லவில்லை. கார்டைப் பறிக்கவில்லை. ஒரு சின்னக் கேள்வி, இரண்டு பெயர்.

பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "விடியப்புறம் இரண்டாவது தரம் இதயம் நின்றது. இப்போது மயக்கத்தில் வைத்திருக்கிறோம். எழும்புவார் என்று சொல்ல மாட்டேன்." எழுதிய தாளைத் திருப்பி வைத்தாள். "நேற்று வந்திருந்தால் நல்லது. நேற்றுப் பின்னேரம் முழுக்க நல்ல நினைவோடு இருந்தார். கதைத்துக்கொண்டே இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. கையைக் காட்டிக் காட்டி என்னவோ கேட்டார். தண்ணீர் கொடுத்தோம், அது இல்லை என்றார்."

நேற்றுப் பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் கீழே இருந்தோம். லிஃப்டில் ஒரு நிமிசம்.

அக்கா பத்தரைக்கு வந்தா. தாதி அவவின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனாள். சாமியாருக்கும் அவளே ஆள் அனுப்பினாள். நான் நடைபாதையில் நின்றேன். கதவுக் கண்ணாடிக்குள்ளால், அக்கா அவருடைய மேலுதட்டை விரலால் தடவுவது தெரிந்தது. குழாய் ஒட்டுவதற்காக மீசையை மழித்திருந்தார்கள்.

அண்ணை கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் முடிந்தது. அக்கா அவ்வளவு நேரமும் கூட இருந்தா.

விசாக்காரரை வேலைத்தலத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் எனக்குப் போன் எடுத்து, "காட்டிக் குடுத்துப் போட்டாய் என்ன?" என்று மட்டும் கேட்டார். போருக்குள்ளிருந்து வந்த எங்கள் சனத்துக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று எழுதத் தேவையில்லை. லா சப்பலில் சிலர் என்னைக் கண்டால் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறுகிறார்கள். முதலிலேயே யாரோடும் அதிகம் கதைக்காதவனுக்கு அது பெரிய தண்டனை இல்லை. நான் இன்னும் அதே நிலையத்தில்தான் வேலை செய்கிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து சில நாட்களுக்குப் பிறகு அக்காவை மரக்கறிக் கடை வாசலில் கண்டேன். கறுப்புச் சட்டை போட்டிருந்தா. முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சுகம் விசாரித்துவிட்டுக் கேட்டா.

"தம்பி, ஒண்டு கேக்கோணும். முதல் நாள், நாங்கள் கீழை இருக்கேக்கை, அவருக்கு நினைவு இருந்ததோ?"

தாதி சொன்னதை நான் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் எனக்கு நல்லாகப் பழக்கம்.

"இருந்ததாம் அக்கா. பின்னேரம் முழுக்கக் கதைச்சவராம்."

"என்ன கதைச்சவராம்?"

"ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம். என்னவோ கேட்டவராம். தண்ணி குடுத்தவையாம். அது இல்லை எண்டவராம்."

கடைக்காரர் உள்ளேயிருந்து, வழியை விடச் சொல்லிக் கத்தினார். நாங்கள் விலகி நின்றோம். பாலத்தில் மெட்ரோ போனது.

"நான் கீழைதானே இருந்தனான்," என்றா.

கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றினா. "நீங்கள் கவுண்டருக்குப் போனது எனக்குத் தெரியும். நீங்கள் கதைக்கப் போறியளெண்டு நினைச்சுத்தான் நான் எழும்பாமல் இருந்தனான்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விபரம் சொல்வது போலச் சொன்னா. பிறகு கூசேன்வில் ரெயினுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, சனத்துக்குள்ளால் நடந்து போனா.